யாரும் பூசாத சிவப்பு

அந்த உதட்டில் யாரோ ஏற்கெனவே சிவப்பு வைத்திருந்தார்கள்.

சிட்டுவின் அம்மா பூதக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தாள். படம் பிடிக்கும் கருவிக்கு நிறம் தெரியாது, கறுப்பும் வெளுப்பும்தான். வண்ணம் வேண்டுமென்றால், அடியிலிருந்து வெளிச்சம் வரும் இந்தக் கண்ணாடி மேசைகளில் வரிசையாக உட்கார்ந்து, படச்சுருளின் நகத்தளவுக் கட்டம் ஒவ்வொன்றிலும் மெல்லிய தூரிகையால் பெண்கள்தான் பூச வேண்டும். கண் பூத்துப்போகும் வேலை. ஆனாலும் இந்தச் சுருளில் ஓடுவது அவள் பெற்ற மகள் அல்லவா! நடிக்க வேண்டிய குழந்தைக்கு அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சல் வர, மேஸ்திரி கேட்டுக்கொண்டதற்காக அதற்குப் பதில் சிட்டு கருவிக்கு முன்னால் அட்டைக் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். அவள் கவுனுக்கு மஞ்சள் பூசுவதுதான் வேலை. உதட்டைப் பற்றி யாரும் பேசவே இல்லை.

"ஏண்டி, என் சுருள்ல கை வச்சியா?"

"எனக்கு என் வேலையே தலைக்கு மேல கிடக்கு, நீ வேற" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

ஈரப் பஞ்சால் துடைத்தாள். சாயத்தின் நெடி மூக்கில் ஏறியதே தவிர, சிவப்பு போகவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் சிட்டு ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"கரியத் தின்னியா? வாயெல்லாம் என்னடி இது?"

முந்தானையை நனைத்துத் தேய்த்தாள். கரி இல்லை. உதடே சாம்பல் நிறமாக இருந்தது. அந்த உதட்டோடு சிட்டு சிரித்தாள்.

மறுநாள் சுருளில் கன்னம் இரண்டும் ரோஜா நிறம். விரல் நுனிகள் இளஞ்சிவப்பு. போன வாரம் விழுந்து சிராய்த்த முழங்காலில் காயத்தின் செம்மைகூட அப்படியே இருந்தது. அவள் தூரிகையைக் கீழே போட்டாள். மேஸ்திரியிடம் ஓடினாள்.

"ஐயா, இந்தப் படத்த அனுப்பாதீங்க. எம் பொண்ணு இதுக்குள்ள போயிட்டிருக்கா."

"ஊரே படத்துக்குள்ள போகத் துடிக்குது, நீ அழறியே!" மேஸ்திரி சிரித்தார். "இவ்வளவு உயிரோட யாரும் பூசினதில்லம்மா. எல்லாப் பிரதியிலயும் இப்படியேதான் வந்திருக்கு. மத்ததெல்லாம் காலையிலயே பெட்டி கட்டி ஊர் ஊரா அனுப்பியாச்சு."

இனி யார் காலில் விழுவது? எந்த ஊரில் போய்த் தேடுவது? சாயக் குப்பிகளை முந்தானையில் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

ஜன்னலில் நீலத் திரை. கட்டிலில் பச்சைப் போர்வை. அதன்மேல் சிட்டு. கறுப்பும் வெளுப்புமாக.

"ஆடாம இரு கண்ணு. அம்மா சரி பண்ணிடுறேன்."

கன்னத்துக்கு ரோஜா. உதட்டுக்குச் சிவப்பு. விளிம்பு தாண்டி வழிந்தது. துடைத்தாள். மறுபடி வைத்தாள்.

சிட்டு வாயைத் திறந்தாள். உதடுகள் குவிந்து, விரிந்தன. அம்மா என்றுதான் சொன்னாள். சத்தம் வரவில்லை.

குழந்தையின் கண் நிறைந்தது.

"அழாதடி. அழாத தங்கம். அழிஞ்சிடும்."

கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. போன வழியெல்லாம் சாம்பல்.

அவள் தூரிகையை மறுபடி நனைத்தாள்.