சீசர் ஐந்து

"சீசர் ஐந்து" என்ற பதில் மேசைக்கு எதிரிலிருந்து வரவில்லை. சற்றே இடப்பக்கமிருந்து வந்தது.

அர்ஷாவிர் அதைப் பொருட்படுத்தவில்லை. மின்சாரம் செத்துப்போன அந்தக் குளிர்காலத்தில், யெரெவானில் யாரும் தள்ளிப்போடாத ஒரே போட்டி பார்வையற்றோர் சதுரங்கம்தான். மண்ணெண்ணெயும் ஈரக் கம்பளியும் வெங்காய மூச்சும் மண்டிக்கிடந்த கூடத்தில் நடுவர் கெகாம் ஒருவருக்குத்தான் கண் தெரியும். ஆகவே நாற்காலியில் முட்டிக்கொள்வதும் அவர் ஒருவர்தான்.

"மெழுகுவத்தியும் தீந்துபோச்சுப்பா" என்று அவர் முனகியபோது, எதிரே உட்கார்ந்திருந்த கியூம்ரிக்காரன் மார்ட்டிக், "எங்க தோளைப் புடிச்சுக்குங்க சார், வழி காட்றோம்" என்று சிரித்திருந்தான்.

அர்ஷாவிருக்குச் சிரிப்பு வரவில்லை. வென்றால் அணியில் இடம்; அணிக்காரனுக்குத்தான் விடுதியில் அறை. இல்லையென்றால் நாளை மகள் நாஸிக்கை அநாதை இல்லத்தில் விடவேண்டும்.

"எவா நான்கு" என்று தொடங்கியிருந்தான். அவரவர் பலகை அவரவர் முன்னால். நகர்த்தலை உரக்கச் சொல்லவேண்டும்; காது தவறாமலிருக்க ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஓர் ஆள் பெயர். எதிராளியின் காயையும் தன் பலகையில் தானே துளை மாற்றிச் செருகவேண்டும்.

"குதிரை ஃபெலிக்ஸ் மூன்று."

"டேவிட் ஆறு."

இம்முறை தோளருகே. வெங்காய வாடை இல்லாத, மூச்சே இல்லாத குரல். சிசிலியன் தற்காப்பு, தூக்கத்திலும் அவன் ஆடக்கூடிய தொடக்கம். ஆனால் யோசித்தால் நேரம் போகும். ஆடினால் குரல் நெருங்கும்.

ஆடினான். காதோரம் பதில்.

மறுபடி ஆடினான். கறுப்புக் குதிரையை நகர்த்தத் தடவினால், அது ஏற்கெனவே நகர்ந்திருந்தது. அவன் பலகையில்.

ஐந்தாவது. "கஸ்டவ் ஆறு." காதுக்குள்.

"அண்ணே," எதிரிலிருந்து மார்ட்டிக். "என்னண்ணே அஞ்சு நகர்த்தல் ஒரேயடியா சொல்லிட்டீங்க? நான் இன்னும் வாயே தொறக்கலையே."

"இருங்கப்பா, பாக்குறேன்." கெகாம் தீக்குச்சி உரசினார். கந்தக நெடி. பிறகு அவர் மூச்சை இழுத்துப் பிடிக்கும் ஓசை.

"சார்? என்ன சார் தெரியுது?" என்றான் மார்ட்டிக்.

கெகாம் பின்வாங்கும் காலடிகள். கதவு. மார்ட்டிக்கின் நாற்காலி கவிழும் ஓசை.

கடிகாரம் மட்டும் ஓடியது. அர்ஷாவிர் முள்ளைத் தடவினான். ஓடுவது அவன் நேரம்.

நாஸிக்.

"ஃபெலிக்ஸ் மூன்று" என்றான், அழுதுகொண்டே.

"குதிரை சீசர் ஆறு."

அசைந்தது அவனது சொந்த நாக்கு.