மூன்றாம் நம்பர் உருளை

அன்று ரப்பர் ஆலையில் இருந்தவர்கள்: இயந்திரப் பழுது பார்க்கும் ஃபிட்டர் ஏகாம்பரம், சாவிக்கொத்து வைத்திருந்த, கணக்கு எழுதும் கிராணி நல்லையா, சாப்பாட்டுத் தூக்கோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஏகாம்பரத்தின் மனைவி கமலவேணி. வேறு யாருமில்லை. நாடு விடுதலை பெற்ற மெர்டேக்கா நாள். காஜா பெராங் வட்டாரம் மொத்தமும் பண்டார் ஹிலிர் திடலுக்குக் கொடி பார்க்கப் போயிருந்தது.

காலையில் மூன்றாம் நம்பர் உருளையின் மேல் ஏகாம்பரம் போட்ட சுண்ணாம்புக் கோடு ஒரு விரல் அகலம் கீழே இறங்கியிருந்தது.

என்ஜின் குளிர்ந்து கிடந்தது. உருளையைச் சுழற்றும் தோல் பெல்ட்டை அவனே கழற்றித் தரையில் சுருட்டிப் போட்டிருந்தான். அப்படியும் உருளை தானாகச் சுழன்றிருந்தது. தகரக் கூரையில் மழை விடாமல் இரைந்துகொண்டிருக்க, சுவரோரம் அடுக்கியிருந்த ஈர ரப்பரின் புளித்த நாற்றமும் புகைக்கூண்டின் கரி வாடையும் சேர்ந்து அவன் தொண்டைக்குள் இறங்க, பகலிலேயே இருட்டிப்போன அந்தக் கொட்டகையில், ரப்பரை அழுத்தித் தாளாக்கும் மூன்றாம் நம்பரின் இரண்டு வார்ப்பிரும்பு உருளைகளும் ஒன்றன்மேல் ஒன்று அழுந்தி அசையாமல் நின்றன.

மூன்றாம் நம்பரில் வேலை பார்த்த பூங்காவனம் செத்தது அவற்றுக்கு நடுவில்தான். சாப்பாட்டு நேரம். என்ஜினை நிறுத்திய பிறகு துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். முதலில் தோள்வரை இழுத்தது. பிறகு தலையையும் இழுத்தது. உருளை நிற்பதற்குள் கை வைத்துவிட்டாள் என்று முதலாளி தவுக்கே விசாரணைக்காரர்களிடம் சொல்லி முடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை முதல் அவள் இடத்தில் கமலவேணி.

“மூண்டாம் நம்பருக்கு உன்ர மனுசிதான், தம்பி,” என்று நல்லையா சொல்லியிருந்தார். “மாட்டன் எண்டா ஆலை வீட்டைக் காலி பண்ணட்டாம் தவுக்கே. நான் என்ன செய்ய?”

ஏகாம்பரம் பேய்க்குப் பயப்படும் ஆளில்லை. கோளாறு என்றால் அதற்கு ஓர் இடம் இருக்கும். என்ஜின் இங்கிலாந்தில் செய்தது. உருளை சிங்கப்பூர்ப் பட்டறையில் வார்த்தது. பல்சக்கரம் பத்து பெரெண்டாம் என்ற ஊரில் ஒரு சீனர் அராவிக் கொடுத்தது. தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தான், சேர்த்தும் ஓட்டிப் பார்த்தான். எதிலும் குறையில்லை. கடைசியில்தான் முதலில் கேட்டிருக்கவேண்டியதைக் கேட்டுக்கொண்டான்: தொல்லை தொடங்குவதற்கு முன்னால் இதில் புதிதாகச் சேர்ந்தது என்ன?

பதில் கண்ணெதிரே தொங்கியது. சில மாதங்களுக்கு முன் இதில் வேலை செய்த சீனர் ஒருவருக்கு விரல் நசுங்கியது. அது சாதாரண விபத்து. ஆனால் பயந்த ஜனங்கள் ஆளுக்கொரு காப்புக் கொண்டுவந்தார்கள். சீனர்கள் மந்திரம் எழுதிய மஞ்சள் தாளை இரும்புச் சட்டத்தில் ஒட்டினார்கள். எதுவும் அதைத் தாண்டாதாம். மலாய் லாரி டிரைவர் போமோ எனும் மலாய் மந்திரவாதி ஒருவரிடம் ஓதி வாங்கிவந்த ஆணியை மரக்கட்டையில் அறைந்தார். இருப்பது இருந்த இடத்திலேயே கட்டுண்டு கிடக்குமாம். தமிழ்ப் பெண்கள் கோழி அறுத்து, ரத்தம் தோய்த்த சிவப்புத் துணியை உருளைக்கு மேலே முடிந்து, காவலுக்கு வந்து நில் என்று கூப்பிட்டார்கள். எல்லாரும் நல்லதற்குத்தான் செய்தார்கள். ஒருவர் செய்ததை மற்றவர் கேட்டுக்கொள்ளவில்லை.

அவன் மூன்றையும் எடுத்தான். பிறகு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தான்.

“சாமியக்கூட ஸ்குரூ மாதிரி கழட்டி மாட்டுறீங்களே,” என்றாள் கமலவேணி வாசலிலிருந்து. “கனவுல வந்து உதைக்கப் போகுது.”

“உதைக்கட்டும். உன் கை இருக்கணும்.”

தாள் மட்டும். கோடு அசையவில்லை. ஆணி மட்டும். துணி மட்டும். பிறகு இரண்டிரண்டாக. இரும்பு இரும்பாகவே கிடந்தது. மழை நின்றது. கூரையிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும்.

மூன்றையும் பழைய இடங்களில் வைத்தான்.

நல்லையா பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். கோடு இறங்கியது. சத்தமே இல்லை.

“பெல்ட் போட்டிருக்கோ, தம்பி?”

“இல்ல.”

கிராணி பின்னால் நகர்ந்தார். சாவிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

ஏகாம்பரத்துக்கு இப்போது விளங்கியது. கூப்பிட்டாகிவிட்டது. கட்டியாகிவிட்டது. போகிற வழியையும் அடைத்தாகிவிட்டது. அந்தக் கோழிக்குப் பிறகு யாரும் அதற்குத் தின்ன ஒன்றும் வைக்கவில்லை. மூன்றில் ஒன்றை அறுத்தால் போதும். கத்தியை எடுத்துச் சிவப்பு முடிச்சைப் பிடித்தான்.

முடிச்சு ஈரமாக இருந்தது. சூடாக.

துணியின் நுனி உருளைக்குள் போனது. மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு போனது. விரல்கள். எலும்பு நொறுங்கும் சத்தம் முதலில் கேட்டது, வலி அப்புறம் வந்தது. நிறுத்து என்று கத்த வாயெடுத்தான். எதை நிறுத்த? ஓடாததை யார் நிறுத்துவது? முழங்கை. மறுபக்கத்தில் அவன் கை ரப்பர்த் தாள்போல் தட்டையாக வந்து தொங்கியது.

அலறினான்.

தூக்குச்சட்டி உருண்டது. கமலவேணி ஓடிவந்தாள். எதிரே ஓடிய நல்லையா அவளைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு வெளியே போனார்.

“வராத,” என்றான் ஏகாம்பரம். காற்றுதான் வந்தது.

அவள் வந்தாள். அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தாள்.

உருளைகள் நின்றன. பின்னோக்கிச் சுழன்றன. அவனை விட்டன. அவன் சிமெண்டில் விழுந்தான். விழுந்தபடியே மேலே பார்த்தான். உருளைகளின் இடைவெளியை இறுக்கும் இரண்டு திருகுகளும் தாமாகத் திரும்பிக்கொண்டிருந்தன. இடைவெளி விரிந்தது. உள்ளங்கை அளவு. தலை அளவு. ஆள் நுழையும் அளவு. கமலவேணி அதற்கு நேர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். தொங்கிய சிவப்புத் துணி மெல்ல எழுந்து அவள் பின்னலைத் தொட்டது.

அவளுக்குப் பின்னால் இரும்புக் கதவு மூடியது. வெளியே நல்லையா பூட்டைப் பூட்டினார்.