கர்ட்டிஸ் எடுக்காத அழைப்பு

"எடுக்காதேடா!"

மேசையில் அலறிய போனைத் தம்பி கர்ட்டிஸின் கைக்கு எட்டாமல் பிடுங்கிக்கொண்டாள் டோலரஸ். ஓட்ஸ் கஞ்சி அடுப்பில் பொங்கி வழிந்தது. அமெரிக்காவின் ஸ்க்ராண்டன் நகரில் பனி கொட்டும் காலை அது. திரையில் அவன் மனைவி மெலிண்டாவின் பெயர்.

"விடாம அடிக்கிறாளே அக்கா! புள்ள ஹேசலுக்கு ஏதாவதுன்னா?"

"நீ அவகிட்ட பேசக்கூடாது, கிட்ட வரக்கூடாதுன்னு கோர்ட்ல தடை வாங்கினவ அவதானே? அவளே கூப்பிட்டாலும் பேசினா குத்தம் உன்மேலதான்! நாளைக்கு யார்கிட்ட புள்ளைன்னு தீர்ப்பு. இன்னிக்குப் பாத்துக் கூப்பிடுறாளே... நல்லதாப் படலை!"

தாய் போனபிறகு தன் கல்யாணத்தையே தள்ளிப் போட்டு வளர்த்த தம்பி. அவன் மனைவி தும்மினால்கூட டோலரஸுக்குச் சந்தேகம்தான்.

செய்தி வந்தது. 'ஹேசலுக்கு மூச்சுத் திணறுது. ஆஸ்பத்திரிக்குப் போறோம். வா.'

கர்ட்டிஸ் வாசலுக்குப் பாய்ந்தான். டோலரஸ் கதவில் சாய்ந்து நின்றாள்.

"வலை விரிக்கிறாடா! போனா ஜெயில்... அப்புறம் புள்ள முகத்தையே பாக்க முடியாது! நான் போறேன். பொய்யா இருக்கட்டும், அங்கேயே அவ வண்டவாளத்தைத் தண்டவாளத்துல ஏத்துறேன்!"

சண்டைக்குத் தயாராகத்தான் ஆஸ்பத்திரி அறைக்குள் நுழைந்தாள். ஹேசலின் சின்ன முகத்தை பிராணவாயு முகமூடி மூடியிருந்தது. டோலரஸ் ஓடிப்போய்க் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

மெலிண்டா எழுந்தாள். "நீங்களா? பெத்தவர் எங்கே? போனைக்கூட எடுக்கலையே! இதை நாளைக்கு ஜட்ஜ்கிட்ட சொல்லாம விடமாட்டேன் அண்ணி!"

"சொல்லாதே மெலிண்டா... அவன் ஓடி வரத்தான் பாத்தான். கதவை மறிச்சது நான். நீ பொறி வைக்கிறேன்னு நெனச்சேன்."

"பொறியா? நான் கூப்பிட்டா வரலாம்னு நெனச்சேனே..."

"நீ கூப்பிட்டாலும் தடை தடைதான்! நீ வாங்கின கோர்ட் ஆர்டர் உனக்கே தெரியலையேடி!"

மெலிண்டா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "கோபத்துல அன்னிக்கு ரூம் கதவை உடைச்சார். உள்ள புள்ளையைக் கட்டிக்கிட்டு நடுங்கினேன் அண்ணி. உங்ககிட்டதான் முதல்ல சொன்னேன். நம்பலையே நீங்க!"

"உடைஞ்ச கதவை என் கண்ணால பாத்தேன்... பாத்தும் நம்பலைடி! என் தம்பியாச்சேன்னு..." டோலரஸ் குலுங்கி அழுதாள்.

"இன்னிக்கு உங்களைத் தள்ளிட்டு வரலையா?"

"கை ஓங்கலை. அப்படியே தரையில உக்காந்து அழுதான்."

மெலிண்டா அவளைக் கட்டிக்கொண்டாள். எத்தனையோ மாதப் பகை இருவர் தோளிலும் கண்ணீராக வழிந்தது.

"பயம் இன்னும் போகலை அண்ணி. தடை இருக்கட்டும். ஆனா ஹேசலை அவர்கிட்ட விடமாட்டேன்னு நாளைக்குச் சொல்ல மாட்டேன்."

"அப்பா வருவாரா?" முகமூடிக்குள்ளிருந்து ஹேசல் முனகினாள்.

மெலிண்டா மகளின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டாள்.

"தடை எனக்கு மட்டும்தான், புள்ளைக்கு இல்லை. அவர் குரல் கேக்குற இடத்துல நான் இருக்கக்கூடாது அண்ணி. நான் போனதும் நீங்க அவரைக் கூப்பிட்டு போனை இவ காதுல வைங்க."

வெளியே போய்க் கதவை அவளே சாத்தினாள்.