படி மிதிக்காத கால்

வேலை முடிந்து வீட்டு வாசற்படியை மிதித்ததும் சலேத்துவின் காதிலிருந்து துறைமுகம் போய்விட்டது. சங்கு ஊதிக்கொண்டுதான் இருந்தது. அவளுக்குக் குக்கர் விசில் மட்டும் கேட்டது.

தூத்துக்குடியில் எல்லோர் மண்டைக்குள்ளும் ஒரு கவனச்சல்லடை உண்டு. மிதிக்கிற படி எந்த இடத்துடையதோ, அந்த இடத்துக்கு வேண்டியதை மட்டும் அது உள்ளே விடும். சரக்கு தொங்கிக்கொண்டிருக்கும்வரை கிரேன்காரனுக்கு வீட்டு நினைப்பு வராது. கோயில் வாசலில் அடுத்தவன் செருப்பு கண்ணில் படாது. விபத்தும் திருட்டும் ஒன்றாக ஒழிந்தன.

கிரேன் ஓட்டிய அவள் அப்பா இன்னாசி மட்டும் கிரேனை விட்டு இறங்கவேயில்லை. ஓய்வு பெற்ற அன்று, துறைமுக வழக்கப்படி, மாலை போட்டுத் தோளில் தூக்கி ஆடிக்கொண்டே வாயிலைத் தாண்டினார்கள். படி காலைத்தான் படிக்கும் என்பது அந்தப் பாசத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. துறைமுகப்படி விடுவிக்காதவரை வீட்டுப்படி ஏற்காது. மறுநாள் கூட்டிப்போனால், பெயர் நீக்கிய ஆளைத் துறைமுகப்படிக்கும் அடையாளம் தெரியவில்லை.

அதன்பின் "அப்பா" என்றால் அவருக்குக் கேட்காது. துறைமுகத்தில் சிக்னல் காட்டுகிற சலேத்து, சோற்றுக் கரண்டியை உயர்த்தி, "சரக்கு வருது" என்பாள். அவர் வாய் திறக்கும். அப்பாவுக்கு வேண்டியது என்பதால் சல்லடை அந்தச் சைகைகளை வீட்டுக்குள்ளும் விட்டது.

இன்று அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. வலது கை மட்டும் காற்றில் எதையோ இறுகப் பிடித்திருந்தது.

"என்னட்டீ, கைய விடமாட்டேங்காரு?" என்றாள் பக்கத்து வீட்டு ரெஜினா.

"கிரேன் லிவரு, அத்த. சரக்கு தொங்குதுல்லா. கீழ ஆளு நிக்கையில எப்படி விடுவாரு?"

"நீ கூப்பிடேன் ஒருதடவ. பெத்த மவ கொரலு கேக்காமலா போவும்?"

சலேத்து குனிந்து கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். அவர் கண்கள் அவளைத் தாண்டி எங்கோ உயரத்தில் சரக்கைத் தேடின.

அவள் கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றாள். உள்ளங்கையைக் கவிழ்த்து, மெல்ல மெல்லத் தாழ்த்தினாள். அவர் கையும் கூடவே இறங்கியது. இரு கைகளையும் குறுக்காக வைத்தாள்: தரை தொட்டாயிற்று. பிடி தளர்ந்தது.

"சுத்தமான கை சிக்னல்," என்றார் இன்னாசி. "யாரு கீழ?"

"உங்க மவதாம்ப்பா."

அவர் பதிலுக்குக் காத்திருந்தார். சலேத்து துறைமுகக் குரலுக்கு மாறினாள்.

"மூணாம் நம்பர் சிக்னல், அண்ணாச்சி."

"சோலி முடிஞ்சிட்டு தாயி. நான் வீட்டுக்குப் போறேன். எம் மவ காத்துக்கிட்டிருப்பா."

அவள் கையை உயர்த்தி வழிவிட்டாள்.

"பாதை கிளியர், அண்ணாச்சி."