வருகை: பூஜ்யம்

பூட்டைத் திறந்த பிறகும் அக்கா உள்ளே போகவில்லை. சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே நின்றாள். பதினொரு மணிக்கு வருவதாகச் சொன்ன அதிகாரியின் ஜீப்பைப் பதினொன்றேகால் ஆகியும் காணோம். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனாலும் அந்த இருட்டுக்குள் தனியாக நுழைய அவளுக்குக் கால் வரவில்லை.

அவள் அந்தக் கிளை நூலகத்தின் நூலகர். இருபத்திரண்டு வருடமாக இங்கேதான் வேலை. பள்ளிக்கூடப் பெண்ணிலிருந்து பல் போன கிழவர் வரை எல்லோருக்கும் அவள் லைப்ரரி அக்கா. கண்டக்டர் ஐயா ஒருவர் மட்டும் அவளை 'அம்மா' என்று கூப்பிடுவார்.

கூப்பிடுவார் என்ன, கூப்பிட்டார். இப்போது அவர் இல்லை.

ஜீப் வந்தது. அதிகாரி இறங்கி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் யாரிடமும் குரலை உயர்த்தியதே கிடையாது. ஆளைக் கழுத்தறுக்கும்போதுகூட 'கொஞ்சம் தலையைத் திருப்பிக்குங்க' என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டு அறுக்கிற ரகம்.

"என்ன மேடம், வெயில்ல நிக்கிறீங்க? வாங்க, பத்து நிமிஷ வேலை. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

அக்கா சாவிக்கொத்தை இடுப்பில் செருகினாள். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே தெரியாது. நேற்று ராத்திரி அவள் கணவர், "போட்டுட்டு வந்துடு, நமக்கெதுக்கு ஊர் வம்பு" என்றபோதே தட்டை நகர்த்திவிட்டு எழுந்தவள் அவள்.

இருவரும் உள்ளே போனார்கள்.

மின்சாரத்தை ஒரு வாரத்துக்கு முன்பே துண்டித்திருந்தார்கள். சன்னல்களின் தாழ்ப்பாள் இறுகிப்போயிருந்தது. கதவு வழியாக விழுந்த வெளிச்சம் நாலடி வந்து நின்றுவிட்டது. அதற்கப்பால் அலமாரிகள் இருட்டோடு இருட்டாக நின்றன. பழைய காகித வாடை, செல்லரித்த மர வாடை. இதெல்லாம் அவளுக்குப் பழக்கம்தான். அவற்றுக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. வியர்வையில் ஊறிக் காய்ந்த தோல்பையின் வாடை.

அக்காவுக்கு மயிர்க்கால்கள் குத்திட்டன.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் கண்டக்டர் ஐயாவின் தோளைவிட்டு அந்தப் பை இறங்கியதில்லை. முப்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த மனிதர். மூக்குக் கண்ணாடியும் ஒரு பென்சிலும்தான் அதில் இருக்கும். காலை ஒன்பதுக்கு வருவார். காய் விற்கிற அம்மாளுக்குச் செய்தித்தாளைத் தாழ்ந்த குரலில் படித்துக் காட்டுவார். அந்த அம்மாளுக்கு எழுத்து தெரியாது என்பது அவருக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். யாராவது வாசலில் தயங்கி நின்றால், "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று பஸ்ஸில் சொல்கிற அதே ராகத்தில் விரட்டுவார். மாலையில் நாற்காலி முதுகுகளைப் பென்சிலால் ஒவ்வொன்றாகத் தட்டி ஆட்களை எண்ணுவார். "இன்னிக்கு நாப்பத்தொண்ணும்மா" என்பார். வருகைப் பதிவேட்டில் அக்கா எழுதுகிற எண் அவர் சொல்கிற எண்தான். இருபத்திரண்டு வருடத்தில் அவள் எழுதிய எதையும்விட அது நம்பகமானது.

அதிகாரி வாசிப்பறையின் நீள மேஜையில் தூசியை ஊதிவிட்டு உட்கார்ந்தார். கைப்பேசி விளக்கைப் போட்டு நிறுத்தி வைத்தார். கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

'மேற்படி நூலகத்தைப் பொதுமக்கள் யாரும் பயன்படுத்தவில்லை எனச் சான்றளிக்கிறேன்.' கீழே அவள் கையெழுத்துக்கு இடம். அதை வைத்துக் கட்டடத்தைக் கடைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"யாரும் பயன்படுத்தலையா?" என்றாள் அக்கா. "சார், நர்ஸ் படிப்புக்குப் போன பொண்ணு மூணு வருஷம் அந்த மூலையிலதான் உக்காந்து படிச்சா. வேலைக்கு மனு எழுதணும்னா ஊர்ல பாதிப் பேருக்கு இந்த மேஜைதான். புருஷன் அடிச்சான்னா ஒருத்தி இங்க ஓடி வந்து, குழந்தைங்க புத்தகத்தைப் பிரிச்சு வச்சிக்கிட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்திருப்பா. ஏன்னு நான் கேட்டதே இல்ல. இங்கதான் யாரும் கேக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சுதான் அவ வர்றா."

"எனக்கும் வருத்தம்தான் மேடம். ஆனா நீங்களே எழுதின பதிவேடு இருக்கே." கோப்போடு கொண்டுவந்த பதிவேட்டைப் பிரித்து விரலால் தட்டிக் காட்டினார். "முப்பத்தெட்டு நாள். வருகை பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். உங்க கையெழுத்துதானே?"

அவள் கையெழுத்துதான்.

கோடை உச்சத்தில், புத்தகங்களை எண்ணிச் சரிபார்க்கும்வரை வாசகர் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று இவர்தான் உத்தரவு போட்டார். பதிவேட்டில் முதல் மூன்று நாள் அக்கா 'மூடியிருந்தது' என்று எழுதினாள். கட்டத்தில் எண் மட்டும்தான் எழுத வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து திருப்பி அனுப்பினார்கள். சரி, எண்தானே கேட்கிறார்கள் என்று, அடித்துவிட்டுப் பூஜ்யம் போட்டாள். அத்தனை வருடம் வேலை பார்த்தவள், ஒரு கட்டத்துக்குள் அடங்குகிற பொய்யை எழுதிக் கொடுத்தாள். பூட்டிய கதவுக்குள் யார் வருவார்கள்? பூட்டச் சொன்னதும் இவர்கள், யாரும் வரவில்லை என்று இப்போது மூடுவதும் இவர்கள்.

பத்தொன்பதாம் நாள் உச்சிவேளையில் கதவு தட்டப்பட்டது. அக்கா உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு புத்தகம் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கொஞ்சம் உள்ள உக்காந்துக்கிறேன்மா. வீட்ல தகரக் கூரை, தாங்கல."

திறந்திருக்கலாம். எழுந்து பத்தடி நடந்திருந்தால் போதும். ஆனால் அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்பார் என்று பேச்சு. "உத்தரவு வரட்டும் ஐயா, நாளைக்குக் கேட்டுச் சொல்றேன்" என்று உள்ளேயிருந்தே சொன்னாள். அவர் படியில் உட்காரும் சத்தம் கேட்டது. அவள் எண்ணிக்கையைத் தொடர்ந்தாள். நாலு மணிக்கு அவள் கதவைத் திறந்தபோது, அதில் சாய்ந்திருந்தவர் அப்படியே உள்ளே சரிந்தார்.

அன்றைய கட்டத்திலும் பூஜ்யம் இருக்கிறது.

அதன்பிறகு கட்டடத்தைப் பூட்டி, மிச்ச நாளுக்கான பூஜ்யங்களைத் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதச் சொன்னார்கள். எழுதினாள்.

"போடுங்க மேடம்," என்றார் அதிகாரி. "போடலைன்னா உங்க மேல நடவடிக்கை எடுக்கற மாதிரி ஆயிடும். எனக்கு அது பிடிக்காது."

அக்கா பேனாவைத் திறந்தாள். அவர்மேல் வந்த கோபத்தைவிட அவளுக்கு அவள்மேலேயே வந்த கோபம் பெரிது. பேனா முனை தாளைத் தொட்டது.

டொக்.

அறையின் கோடியில், மரத்தின்மேல் பென்சில் பட்டது.

அதிகாரி நிமிர்ந்தார். "யாரு? டிரைவரா?"

டிரைவர் வெளியே ஜீப்பில்தான் இருந்தார்.

டொக்.

"ஒண்ணு," என்றது ஒரு குரல். உதட்டை அசைக்காமல் எண்ணுகிறவர்களின் குரல்.

டொக். "ரெண்டு."

அறையில் இருந்ததே இரண்டு பேர்தான். அக்காவுக்குப் பிடரி சில்லிட்டது. இரண்டோடு நின்றுவிட வேண்டும் என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

டொக். "மூணு."

மூன்றாவது நாற்காலி, ஆள் உட்கார்ந்ததுபோல் முனகியது.

"நாலு... அஞ்சு..."

வரிசையாக நாற்காலிகள் முனகின. தரையில் கால்கள் இழுபட்டன. பக்கம் புரளும் சத்தம் ஓரிடத்தில். அடக்கிய இருமல் இன்னோரிடத்தில். அறை அடுப்பங்கரை மாதிரி சூடேறியது. நாற்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து மூச்சு விடுகிற சூடு அது. காய்க்கார அம்மாளும் நர்ஸ் பெண்ணும் உயிரோடு இருக்கிறார்கள். அப்படியென்றால் இவர்கள் யார்? அறுபது வருடமாக இந்த நூலகத்தில் உட்கார்ந்து போனவர்கள் எத்தனை பேர் என்று யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

அதிகாரி எழுந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. மேஜைகளுக்கு நடுவே நடந்தவர், எதிலோ முட்டிக்கொண்டதுபோல் நின்றார்.

"சாரி," என்றார், பழக்கத்தில்.

எதிரே யாரும் இல்லை.

இன்னொரு பக்கம் திரும்பினார். அங்கேயும் முட்டினார். இல்லாத முழங்கால்களைத் தாண்டிப் பக்கவாட்டில் நகர்ந்து, கதவை நோக்கிப் போனார்.

"நாப்பது... நாப்பத்தொண்ணு."

பென்சில் நின்றது.

தோல்பை வாடை அக்காவின் தோளருகே வந்து நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கிற தகுதி தனக்கு இல்லை என்று நினைத்தாள்.

"எழுதும்மா."

அக்கா சான்றிதழைத் தள்ளிவிட்டுப் பதிவேட்டை இழுத்தாள். முதல் பூஜ்யத்தை அடித்தாள். பேனா தாளைக் கிழிக்கிற அழுத்தத்தில், முப்பத்தெட்டையும் அடித்தாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'உள்ளே விடவில்லை' என்று எழுதினாள். பத்தொன்பதாம் நாளுக்கு எதிரே கட்டத்தைத் தாண்டி எழுதினாள்: 'ஒருவர் வந்தார். தட்டினார். நான் திறக்கவில்லை.' கீழே முழுக் கையெழுத்துப் போட்டாள்.

வாசலிலிருந்து அதிகாரி கத்தினார். அவர் கத்தி அவள் கேட்டது அன்றுதான். "நீங்க போட வேணாம்! ஆபீஸ்ல போய் உங்களுக்குப் பதிலா நானே போட்டுக்கறேன்! என் சீல் போதும்! நாளைக்கே இடிக்கச் சொல்றேன், பாருங்க!"

"போடுங்க சார்," என்றாள் அக்கா. "ஒரு கிழவனைப் படியிலயே சாகவிட்டோம், நீங்களும் நானும். அதையும் சேத்து எழுதிட்டுப் போடுங்க. தெம்பிருந்தா போடுங்க!"

ஒரே பாய்ச்சலில் உள்ளே வந்து சான்றிதழைப் பிடுங்கிக் கோப்பில் செருகிக்கொண்டு அவர் ஓடினார்.

அவர் பின்னால் நாற்காலிகள் ஒன்றாகப் பின்தள்ளப்பட்டன.

அக்காவின் இருபக்கமும் காற்று உரசிக்கொண்டு போனது. ஒருவர், பிறகு ஒருவர், பிறகு கும்பலாக. புடவைத் தலைப்பு அந்தப் போக்கில் இழுபட்டது. அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெளியே ஜீப் உறுமியது. நகரவில்லை.

"என்னய்யா, எடு!"

"எடுக்கறேன் சார், வண்டி இழுக்க மாட்டேங்குது. ஓவர் லோடு மாதிரி அமுங்குது சார்."

அக்கா வாசலுக்கு வந்து பார்த்தாள். ஜீப்பின் நான்கு சக்கரங்களும் தரையோடு அமுங்கியிருந்தன. பின்சீட்டில் அதிகாரி ஒரு மூலையில் ஒடுங்கி, கோப்பை மார்போடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருந்தது.

இரண்டு விசில் கேட்டது. வண்டி புறப்பட்டது.

அக்கா உள்ளே வந்து சுத்தியலால் அடித்து ஒவ்வொரு சன்னலாகத் திறந்தாள். அறை குளிர்ந்திருந்தது. அரை மணி கழித்துக் காய்க்கார அம்மாள் வாசலில் கூடையை இறக்கி வைத்து எட்டிப் பார்த்தாள்.

"திறந்துட்டீங்களா அக்கா? உள்ள வரலாமா?"

"கேக்காத. வா."

இரண்டு மணிக்குள் பதினேழு பேர் வந்துவிட்டார்கள். கரண்ட் இல்லை, விசிறி இல்லை. யாரும் குறை சொல்லவில்லை. காய்க்கார அம்மாளுக்கு அக்காவே செய்தித்தாளைப் படித்துக் காட்டினாள். நடுவில் இரண்டு முறை குரல் உடைந்தது. அந்த அம்மாள் எதுவும் கேட்கவில்லை.

மூன்று மணிக்குக் கைப்பேசி அடித்தது. ஜீப் டிரைவர். கிசுகிசுப்பாகப் பேசினார்.

"அக்கா, நீங்க கொஞ்சம் வந்து சொல்ல முடியுமா? சார் வந்ததுலேர்ந்து அவர் ரூம் வாசல்லயே நிக்கறாரு. உள்ள கூட்டமா இருக்காம். கையெழுத்துப் போட மேஜைகிட்ட போக வழி விட மாட்டேங்கறாங்களாம். வெளிய போங்கன்னு கத்தறாரு."

"ரூம்ல எத்தனை பேர் இருக்காங்க?"

"யாருமே இல்லக்கா. நான் பாத்துட்டுதானே சொல்றேன். ஏசி ஓடுது, ஆனா உள்ள கை வச்சா கொதிக்குது."

அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். டிரைவரின் மூச்சுக்குப் பின்னால் அதிகாரி அழுவது கேட்டது. அதற்கும் பின்னால், நிதானமாக, மரத்தின்மேல் பென்சில் பட்டது.

"முன்னூத்திப் பன்னெண்டு... முன்னூத்திப் பதிமூணு... உள்ள போங்க, உள்ள போங்க. படியில நிக்காதீங்க. இன்னும் ஆளு வருது."