மூடி வைத்த சர்க்கரைக் கிண்ணம்

பிற்பகல் 2.10. தேர்வு அறையின் கேமராவைத் திறந்த ஆசிரியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே மெமரி கார்டு இல்லை.

ராணுவத்துக்குப் பொருள் வாங்கும் அதிகாரிகளுக்கான பயிற்சிப் பள்ளி அது. அன்று கடைசித் தேர்வு. வியாபாரி வேடம் போட்ட பெரியவரிடம் ஒவ்வொருவராகப் போய் விலை பேச வேண்டும். அவர் டீ ஊற்றி வைப்பார். பாதிப் பேச்சில் போன் வந்ததாகச் சொல்லி வெளியே போய்விடுவார். விற்கிறவர் கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது என்பது அங்கே முதல் பாடம். அந்த டீ ஒரு சொட்டு நாக்கில் பட்டாலும் தேர்வு அம்பேல். ஆளில்லாத நேரத்தில் யார் யோக்கியம் என்று கேமரா பார்த்துக்கொண்டிருக்கும்.

பள்ளியின் காவல் அதிகாரி வந்து சேர்ந்தார். முதுகுக்குப் பின்னால் எல்லாரும் அந்த அம்மாளை 'மோப்பம்' என்பார்கள். அது தெரிந்தும் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

தேர்வில் மூன்று பேர். வாங்குகிற பொருளே அவரவர் பட்டப்பெயர்: டயர், கூடாரம், மருந்து. எல்லார் விரலும் மருந்தைத்தான் காட்டியது. கடைசியாக உள்ளே போனவள் அவள். வியாபாரியை அவள் பிடி பிடியென்று பிடித்தது வராந்தா முழுக்கக் கேட்டது. போன முறை தோற்றவள் வேறு. இம்முறையும் தோற்றால் வேலை போய்விடும். அவள் ஒருத்தி சம்பளத்தில்தான் இரண்டு பிள்ளைகள் வளர்கின்றன.

மோப்பம் அவள் கைப்பையைக் கொட்டிப் பார்த்தார். சீப்பு, குளுக்கோஸ் பாக்கெட், பிள்ளைகளின் படம். கார்டு இல்லை. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவள் அழாமல் நின்றது மோப்பத்தின் மனதை என்னவோ செய்தது. இன்றைக்கே இவளை அனுப்பிவிடுகிறேன் என்று குதித்த ஆசிரியரிடம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கினார்.

2.40. தேர்வு அறையில் ஏசி எலும்பைக் குடைந்தது. மேசையில் மூன்று கோப்பை டீ, ஆடை படிந்து, விளிம்பு வரை அப்படியே இருந்தது. பக்கத்தில் மூடி போட்ட சின்னச் சர்க்கரைக் கிண்ணம். மோப்பம் மூடியைத் தூக்கினார். காலி.

"இதுல எப்போ சர்க்கரை போட்டீங்க?"

"காலைல. முழுசா ரொப்பித்தான் வச்சேன்," என்றார் வியாபாரி.

"யாருக்காவது கலந்தீங்களா?"

"கோப்பையை எடுத்தாத்தானே எத்தனை கரண்டின்னு கேப்பேன்? ஒருத்தரும் எடுக்கல."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அறை பூட்டாமல் கிடந்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் நுழைந்திருக்கலாம். மோப்பம் மற்ற இருவரையும் கூப்பிட்டு, அறை எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டார். பல் தந்தியடித்தது என்றான் டயர். வகுப்பில் முதல் ஆளான கூடாரம், ஒரே புழுக்கம் என்றான். அவன் சட்டைக் காலரில் வியர்வை காய்ந்த வெள்ளைத் தடம் இருந்தது.

3.15. எல்லாரையும் உட்காரவைத்தார் மோப்பம்.

"டீயை யாரும் தொடல. ஆனா சர்க்கரையை யாரோ அள்ளித் தின்னிருக்காங்க. ஆசைக்கு இல்ல, உயிருக்கு. உடம்புல சர்க்கரை இறங்கினா குளிர்லயும் வேர்த்துக் கொட்டும். தம்பி, கார்டைக் குடுத்துடுங்க."

கூடாரம் தலை குனிந்தபடி சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து வைத்தான். சர்க்கரை நோய்க்கு இரண்டு வருடமாக இன்சுலின் ஊசி போடுகிறானாம். தெரிந்தால் ராணுவத்தை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்று மறைத்திருக்கிறான். சர்க்கரை தின்றது படத்தில் விழுந்ததால் சாப்பாட்டு நேரத்தில் வந்து கார்டை உருவினான்.

"அவங்க மேல பழி விழும்னு நினைக்கல. விழுந்தப்புறம் உண்மையைச் சொல்ல வாய் வரல," என்றான்.

உயிரைக் காப்பாற்றிக்கொண்டதை எந்த விதியும் தப்பென்று சொல்லாது, ஒரு பெண்ணைத் திருடியாக நிற்கவிட்டதற்குத்தான் மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டும் என்றார் மோப்பம். சொல்லும்போதே அவருக்குப் பாவமாகவும் இருந்தது.

ஆசிரியர் கார்டைப் போட்டுப் பார்த்தார். பிள்ளைகளுக்கு என்று வியாபாரி நீட்டிய பரிசுப் பெட்டியைத் தள்ளிவிட்டுத்தான் மருந்து அப்படிக் கத்தியிருக்கிறாள். தேறிவிட்டீர்கள் என்று சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் சொன்னார்.

கூடாரத்துக்கு மறுபடி வேர்த்துக் கொட்டத் தொடங்கியிருந்தது. சோதனை போட்ட அதே பையிலிருந்து குளுக்கோஸ் பாக்கெட்டை எடுத்துக் கிழித்து நீட்டினாள் மருந்து. அவன் கை நீட்டத் தயங்கினான்.

"வாங்கிக்கோங்கண்ணா," என்றாள் அவள். "நமக்குள்ள வாங்கிக்கக் கூடாதுன்னு யாரும் பாடம் நடத்தலையே."