மூன்றாவது தடம்

உடுமலைப்பேட்டை முடிதிருத்தகங்களில் இப்போது நாற்காலி கிடையாது. சைக்கிளோடு உள்ளே போகலாம், சீட்டிலேயே உட்கார்ந்து தலையைக் கொடுக்கலாம், வெட்டி முடித்ததும் பெடலை அழுத்தி மறு வாசல் வழியாக வெளியேறலாம். பாங்கிலும் அப்படித்தான், பந்தியிலும் அப்படித்தான். சைக்கிளுக்கு ஸ்டாண்டு என்று ஓர் உறுப்பு இருந்ததைச் சொன்னால் பள்ளிப் பிள்ளைகள், எதற்கு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சைக்கிள்தான் விழுவதே இல்லையே.

எல்லாவற்றுக்கும் காரணம் வான்மதி கண்டுபிடித்த நிலைச்சுழலி. ஊரார் அதைப் பம்பரம் என்றார்கள், அதுவும் சரிதான். பெடல் அச்சு ஓடுகிற பெட்டிக்குள் எலுமிச்சம்பழ அளவில் ஓர் இரும்புக் குண்டு ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கும். வேகமாகச் சுழலும் பம்பரம் சாயாது, அதைப் பிடித்துக்கொண்டிருப்பதும் சாயாது. மட்கார்டு மீது விழும் வெயிலே அதற்குத் தீனி, பகலில் தின்றது ராத்திரிக்கும் தாங்கும். ஒரு பம்பரம், இரண்டு ரிம், கொஞ்சம் போக்ஸ் கம்பி, ஒரு செயின், ஒரு கைப்பிடி பால்ரஸ் குண்டுகள் இருந்தால் போதும், மீதியை எப்படி வேண்டுமானாலும் வளைத்துக்கொள்ளலாம் என்பாள் வான்மதி. வளைக்கவும் செய்தாள். குதிரையில் போகும் ஆசை உள்ளவர்களுக்கு முட்டை வடிவச் சக்கரம். சண்டை போட்ட தம்பதியருக்கு, முதுகுக்கு முதுகு சீட்டு. நண்டுபோலப் பக்கவாட்டில் போகும் சைக்கிள் ஒன்று, குறுகலான சந்துக்காரர்கள் கேட்டார்கள் என்று. முன்னோக்கிப் போகும், ஆனால் ஓட்டுகிறவர் பின்னோக்கி உட்கார்ந்திருக்கும் சைக்கிள் ஒன்றையும் செய்தாள். அதை மட்டும் யாரும் வாங்கவில்லை. ஏணிப்பாறை மலையிலிருந்து சந்தைக்கு வரும் நஞ்சப்பன்தான், சும்மா கிடக்கிறதே என்று கேட்டு, ஊருக்குள் சுற்ற எடுத்துக்கொண்டார். போகிற இடத்தைவிட வந்த இடம் நன்றாகத் தெரிகிறது என்று அவருக்கு அதில் திருப்தி.

வான்மதிக்கும் தாராபுரம் பிரகதீஷுக்கும் கல்யாணம் நிச்சயமாயிற்று. அவனுக்கு அங்கே சைக்கிள் உதிரிபாகக் கடை, இவளுக்கு இங்கே பட்டறை. கல்யாணத்துக்குப் பிறகு எந்த ஊரில் குடியிருப்பது என்பதில் பேச்சு நின்றது. பட்டறையை விட்டால் எனக்குக் கை இல்லாதது மாதிரி என்றாள் அவள். கடையை விட்டால் எனக்குக் கால் இல்லாதது மாதிரி என்றான் அவன். பெரியவர்கள் காபி குடித்துக் குடித்து யோசித்து ஒரு வழி கண்டார்கள். பொங்கல் விழாவில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டி இருக்கிறதே, அதில் இரண்டு பேரும் ஓட்டட்டும். விழாக் குழுத் தலைவர் சதாசிவம் ஒலிபெருக்கியிலேயே அறிவித்துவிட்டார்:

“தோத்தவங்க, ஜெயிச்சவங்க ஊர்லதான் குடியிருக்கோணும். சபையறிய ஒப்புக்கிட்டாங்க.”

போட்டி விதிகள் பழையவை. தடத்தை விட்டு விலகக் கூடாது. கால் தரையில் படக் கூடாது. எல்லைக் கோட்டைக் கடைசியாகத் தொடுகிறவருக்கே பரிசு. நிற்கக் கூடாது என்று ஒரு விதி இல்லை. பூமி தோன்றிய நாளிலிருந்து, நின்ற சைக்கிள் தானே விழுந்துவிடும், எனவே அந்த விதியை யாரும் எழுதவேண்டியிருக்கவில்லை. அதைப் பம்பரம் ரத்து செய்துவிட்டது சதாசிவத்துக்கு விசில் ஊதிய பிறகுதான் உறைத்தது.

விசில் ஊதியது. யாரும் நகரவில்லை.

மத்தியானம் பசித்தவர்கள் இறங்கிப் போனார்கள். சாயங்காலம் சீரியல் பார்க்கிறவர்கள் போனார்கள். மறுநாள் மூன்று சைக்கிள்கள் மிஞ்சின. முதல் தடத்தில் வான்மதி, இரண்டாவதில் பிரகதீஷ், மூன்றாவதில் எல்லைக் கோட்டுக்கு முதுகைக் காட்டியபடி நஞ்சப்பன். ஆறுதல் பரிசாக ஒரு பிளாஸ்டிக் வாளி உண்டு என்று கேள்விப்பட்டு வந்தவர் அவர். ஊர்க் கண்ணெல்லாம் ஜோடி மீது இருந்ததால் அவரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

“எறங்கறதுன்னா எறங்கிக்குங்க. உடுமலைத் தண்ணி உங்களுக்கு ஒத்துக்கும்,” என்றாள் வான்மதி.

“எஞ்சைக்கிள்ல இருக்கறது நீ செஞ்ச பம்பரம், அம்மிணி. அது உழுகும்னு நீயே சொல்றயா?”

அங்கேதான் அவள் மாட்டிக்கொண்டாள். அவன் விழுந்தால் அவள் பம்பரம் தோற்றது. விழாவிட்டால் அவள் பட்டறை போயிற்று. ஆள் விழவேண்டும், பம்பரத்துக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது என்று பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டாள். பிள்ளையாருக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

முகூர்த்த நாள் வந்தது. நாளை மாற்ற இரு வீட்டாருக்கும் மனமில்லை. மணமக்கள் மணமேடையை வலம் வர முடியாதென்பதால், மேடைக்கு எட்டுச் சக்கரம் பூட்டி, மேடை மணமக்களை வலம் வந்தது. அம்மி மிதிப்பதில்தான் சிக்கல். அம்மி தரையா இல்லையா என்று குழு கூடி விவாதித்து, அம்மி சமையல் சாமான் என்று தீர்ப்புச் சொன்னது. நஞ்சப்பனுக்கும் மூன்றாவது தடத்திலேயே இலை போட்டார்கள். பாயசம் இரண்டு தரம் வாங்கிக்கொண்டார்.

பிறகு அங்கேயே குடித்தனம். வான்மதி சைக்கிளில் உறுப்புகள் கூடிக்கொண்டே போயின. கேரியரில் அடுப்பு, ஹேண்டில்பாரில் மசாலா டப்பாக்கள், தலைக்கு மேல் தகரக் கூரை. இரண்டு சைக்கிளுக்கும் நடுவே ஒரு பலகையும் சுற்றிலும் திரையும் வந்தன. திரைக்கு எதிராக விதியில் ஒன்றும் இல்லை. அடுத்த பொங்கலுக்கு முன்பே கைப்பிடியில் ஒரு தூளி தொங்கியது, தூளியில் யாழினி இருந்தாள். பிரசவம் பார்க்க வந்த டாக்டரும் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. நகராட்சி அந்தத் தடங்களுக்குக் கதவு எண் கொடுத்தது. தடங்களுக்குக் கீழே எந்தப் போட்டியாளர் கால் தரையைத் தொட்டாலும் விசில் அடிக்கும் தரைக்கண் ஒன்றைச் சதாசிவம் பொருத்திவைத்துவிட்டு, நிம்மதியாகத் தூங்கப் போனார்.

யாழினி போட்டியாளர் அல்ல, அதனால் அவளுக்கு விதி இல்லை. ஒரு காலையில் தூளியிலிருந்து மட்கார்டுக்கும், அங்கிருந்து செயின் கவருக்கும் சறுக்கி, தரையில் இறங்கி நின்றாள். அந்தத் தெருவில் ஒருவர் நடந்து பல மாதம் ஆகியிருந்தது. சிரித்துக்கொண்டே எல்லைக் கோட்டைப் பார்த்து நாலைந்து எட்டு வைத்தாள். அப்புறம் குப்புற விழுந்தாள்.

அவள் இடுப்பில் பம்பரம் இல்லை.

வான்மதியும் பிரகதீஷும் குதித்தார்கள். தரைக்கண் ஒரே ஒரு விசில்தான் அடித்தது, இரண்டு பேருக்கும் சேர்த்து. பிள்ளையைத் தூக்கி, முழங்கால் சிராய்ப்பை ஊதி முடித்த பிறகுதான் இருவரும் தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டார்கள்.

“சமம்,” என்றான் பிரகதீஷ். “ஆறு மாசம் உங்கூரு, ஆறு மாசம் எங்கூரு. செரியா?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதை அன்றைக்கே பேசித் தொலைத்திருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போது மூன்றாவது தடத்திலிருந்து, அவர்களுக்கு முதுகைக் காட்டியபடியே ஒரு குரல் வந்தது.

“அப்பொ நான் எறங்கலாமுங்களா?”

சதாசிவம் ஓடி வந்தார். தலையைச் சொறிந்தார். தோற்றவர்கள், ஜெயித்தவர் ஊரில் குடியிருக்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னது ஊர் முழுக்கக் கேட்டிருந்தது. தோற்றவர்கள் இரண்டு பேர். ஜெயித்தவர் ஒருவர். வேறு மாதிரி அர்த்தம் பண்ண இடமில்லை.

“எங்கூருக்குச் சைக்கிள் வராதுங்களே,” என்றார் நஞ்சப்பன். “பூராவும் பாறையில வெட்டின படி. நடந்துதான் ஏறோணும்.” முதல் பரிசோடு வாளியும் உண்டா என்று கேட்டு, அதையும் வாங்கிக்கொண்டார்.

ஏணிப்பாறையில் முதல் நாள் வான்மதி நாலு இடத்தில் விழுந்தாள், பிரகதீஷ் ஆறு இடத்தில். ஒவ்வொரு தடவையும் எங்கிருந்தோ ஆட்கள் ஓடிவந்து தூக்கினார்கள், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்தார்கள், ஒருத்தி மோர் கொடுத்தாள். உடுமலையில் கடைசியாகத் தன்னை யார் கைகொடுத்துத் தூக்கினார்கள் என்று வான்மதி யோசித்துப் பார்த்தாள். யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை. அந்த வேலையைத்தான் பம்பரம் எல்லோரிடமிருந்தும் பிடுங்கிக்கொண்டிருந்ததே. நடைக்கோலில் ஒரு பம்பரம் பொருத்தலாம் என்று வரும்போது நினைத்திருந்தாள். மோரைக் குடித்துவிட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டாள்.

பொங்கலுக்கு ஏணிப்பாறையில் மெதுவாகப் படியேறும் போட்டி வைத்தார்கள். நிற்கக் கூடாது என்பதை முதல் விதியாகவே சொல்லிவிட்டார்கள். வான்மதியும் பிரகதீஷும், வம்பே வேண்டாம் என்று, வாழ்நாளில் ஏறாத வேகத்தில் ஏறினார்கள்.

அப்படியும் முதல் இரண்டு பரிசும் அவர்களுக்கே கிடைத்தன.